புத்தகத்துக்குக் கீழே இருந்த படிவம்

சின்னவளுக்கு வயது நாற்பத்து மூன்று. ஆனாலும் வீட்டில் அவள் இன்னும் சின்னவள்தான். எட்டு வயது மூத்த அக்கா பெரியவள். இருவருக்கும் அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை.

சின்னவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது பெரியவளுக்குப் பல வருடமாகப் பிடிபடவில்லை. "கம்ப்யூட்டர்ல புத்தகம் ஒட்டுற வேலை" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். ஆண்டறிக்கை, விலைப்பட்டியல், கையேடு, சங்க மலர் என்று யாராவது எதையாவது டிஜிட்டல் புத்தகமாகத் தயார் செய்து அனுப்புவார்கள். அதை அவர்களுடைய வலைப்பக்கத்துக்குள் பதித்து, வருகிறவர்கள் அங்கேயே பக்கம் புரட்டிப் படிக்கும்படி செய்ய வேண்டும். டெஸ்க்டாப்புக்கு ஒரு மாதிரி, மொபைலுக்கு ஒரு மாதிரி. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, ஒரு பக்கம் தெரிய வேண்டுமா இரண்டு பக்கமா, விரலால் தள்ளினால் என்ன ஆக வேண்டும். பதினோரு வருடமாக இதையே செய்கிறாள். ஒரு நாளைக்கு நான்கு புத்தகம் ஒட்டிவிட்டு எழுந்தால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும்.

அலுவலகம் ஒரு பல் மருத்துவரின் மாடியில். நான்கு மேசை, ஐந்து நாற்காலி, ஐந்தாவதற்கு ஒரு கால் ஆட்டம். கீழே யாருக்காவது பல் ராவினால் மேலே தரை முனகும். முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிம்பிள். எந்த வேலையைக் கொண்டுவந்தாலும் "சிம்பிள் வேலைம்மா" என்று சொல்லித்தான் தலையில் கட்டுவார். அப்படிச் சொல்லியே மூன்று பேரை வேலையை விட்டு ஓட வைத்தவர். சின்னவளுக்கு ஓடத் தெம்பில்லை.

அவளுக்கென்று ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். அலுவலக வேலை தன் சொந்தப் போனில் ஏறக்கூடாது. ஒரு காலத்தில் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயின்ட் கம்பெனிக்காரர் கூப்பிட்டு, "அட்டையில நீலம் கொஞ்சம் அழுத்தமா இருக்கே" என்று வருத்தப்பட்டார். தலையில் நுரையோடு நின்று அவருக்குச் சமாதானம் சொன்ன அன்றைக்கு எடுத்த முடிவு அது. மொபைலில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக அலுவலகத்தில் ஒரு பொதுப் போன் இருந்தது. அதன் பேட்டரி வயிறு வீங்கி, பின்மூடி தானாகத் திறந்துகொண்ட பிறகு டிராயருக்குள் போய்விட்டது.

"புதுசா எதுக்கும்மா? கம்ப்யூட்டர்லயே அந்த ஜன்னலைக் குறுக்கிக்கோ. போன் அளவுக்கு வந்துடும். சிம்பிள்" என்றார் முதலாளி.

குறுக்கினாள். போன் அளவுக்கு வந்தது. அப்படியே பழகிவிட்டது.

இனி மாமாவைச் சொல்ல வேண்டும். மாமா என்றால் பெரியவளின் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் பேசிவைத்துக்கொண்டதுபோல் கைவிரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. காலை ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடித்து, நடுவில் இறங்கி மாறி, இரண்டு மணி நேரப் பயணம். அங்கே நான்கு மணி நேரம் கையில் ஊசியோடு படுக்கை. பிறகு திரும்ப இரண்டு மணி நேரம். வரும்போது மாமாவுக்குத் தலை நிற்காது. பெரியவளின் தோள்தான் தலையணை. பெரியவளுக்கோ இரண்டு முழங்காலிலும் வலி. ஒரு பயணத்திலிருந்து உடம்பு தேறுவதற்குள் அடுத்த பயணம் வந்து வாசலில் நிற்கும்.

மாமாவுக்கு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார். "நான் முக்கால் லிட்டர் மனுஷன்மா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மூன்று வருடத்தில் பெரியவளுக்கு அந்தச் சிரிப்பும் அலுத்துப்போயிருந்தது. அதை அவள் வெளியே சொன்னதில்லை.

அதே ஆஸ்பத்திரி, பெரியவள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு டயாலிசிஸ் நிலையம் திறக்கப்போகிறது என்று குடும்பத்தில் முதலில் தெரிந்துகொண்டவள் சின்னவள்தான். அந்த வேலை சிம்பிளிடம் வந்திருந்தது. நோயாளிகளுக்கான கையேடு ஒன்று, முப்பத்திரண்டு பக்கம். அதை வலைப்பக்கத்தில் பதிக்க வேண்டும். அதற்குக் கீழே விண்ணப்பப் படிவம். முதலில் பதினான்கு பேருக்கு இடம். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான், நேரில் வாங்க மாட்டார்கள். மூன்று வாரம் அவகாசம், கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு சரி. பதினான்கு பேருக்கு மேல் வந்தால் குலுக்கல்.

டெஸ்க்டாப்பில் புத்தகத்தை நடுவில் வைத்து இருபுறமும் தாராளமாக வெற்றிடம் விட்டாள். மொபைலில்தான் முதலாளி மூக்கை நுழைத்தார்.

"போன்ல புக்கு கையில பிடிச்ச மாதிரியே இருக்கணும்மா. ஓரத்துல இடம் விடாத. ஸ்கிரீன் முழுக்க புக்கு. கட்டை விரலால மேல தள்ளினா அடுத்த பக்கம், கீழ தள்ளினா முந்தின பக்கம். சிம்பிள்."

அப்படியே செய்தாள். ஜன்னலைக் குறுக்கிக்கொண்டு மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். புத்தகம் மேலே நகர்ந்தது, கீழே படிவம் வந்தது. அழகாகத்தான் இருந்தது. வேலை முடிந்தது என்று குறித்துவிட்டு அடுத்த வேலையை எடுத்தாள். பக்கம் திறந்த அன்றைக்கே பெரியவளுக்கு இணைப்பை அனுப்பினாள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அடியில் இருக்கும் படிவத்தை நிரப்பு என்று இரண்டு வரி. அதற்கு மேல் எழுதவில்லை. கூப்பிட்டும் சொல்லவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடம் ஒரு நாள் பெரியவள் போனில் ஏதோ புரியாமல், மதியத்துக்குள் ஐந்து முறை கூப்பிட்டுவிட்டாள். ஐந்தாவது முறை சின்னவள் வெடித்துவிட்டாள். "ஒரு போனைக்கூட உனக்குத் தனியா பார்த்துக்கத் தெரியாதா? எல்லாத்துக்கும் நானா?" என்று அலுவலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். பெரியவள் "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதற்குமே கேட்டதில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. போகவர இருந்தார்கள், பேசிக்கொண்டார்கள். கேட்பது மட்டும் நின்றுபோயிருந்தது.

விண்ணப்பித்தவர்களின் பெயர்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். எத்தனை பேர் என்ற எண் மட்டும் சின்னவளுக்குத் தெரியும். முதல் வாரம் ஐந்து, இரண்டாம் வாரம் ஒன்பது. ஆஸ்பத்திரியின் தகவல் அதிகாரி, எல்லோருக்கும் அவர் மேடம், ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டுச் சலித்துக்கொண்டார். "இவ்வளவுதானா? பஸ்ஸுல அலையறாங்களேன்னு பக்கத்துல கொண்டுவந்து வெச்சா, ஜனங்களுக்கு அக்கறையே இல்ல பாருங்க."

முதலாளிக்கு அந்த எண்ணில் ஆர்வமில்லை. அவருடைய கண் வேறொரு எண்ணில் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு மொபைலில் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் சராசரியாக இருபத்து மூன்று நிமிடம் அதிலேயே தங்கினார்கள். சாதாரணமாக இரண்டு நிமிடம் தங்கினாலே அவர் இனிப்பு வாங்கித் தருவார். "பார்த்தியாம்மா? கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்து படிக்கிறாங்க!" என்று அதை ஒரு தாளில் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் அந்தத் தாளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். சின்னவளும் அதைப் பார்த்து ஒன்றிரண்டு முறை பெருமைப்பட்டாள். பதினோரு வருடத்தில் அவள் ஒட்டிய புத்தகத்தை முதன்முதலாக யாரோ படிக்கிறார்கள்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை. வேலை முடிந்து வரும் வழியில் பெரியவள் வீட்டில் இறங்கினாள். அன்று டயாலிசிஸ் நாள் என்பதால் மாமா கட்டிலில் துவண்டு கிடந்தார். பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து, காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பங்களின் எண் அன்று பதின்மூன்றில் நின்றது. அதில் ஒன்று மாமாவுடையதுதான் என்று சின்னவள் மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தாள்.

"ஃபாரம் போட்டதுக்குப் பதில் வந்துச்சாக்கா?"

பெரியவள் தலை நிமிரவில்லை. "இன்னும் போடல. படிச்சுட்டு இருக்கேன்."

"மூணு வாரமாவா?"

கட்டிலிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "உங்க அக்கா இப்ப பாதி டாக்டர். வேணும்னா ஒரு பக்கம் சொல்லிக் கேளு. பதினெட்டு!"

"ஊசி போடற கையில கனமான சாமான் தூக்கக் கூடாது" என்றாள் பெரியவள், மடிப்பை நிறுத்தாமல்.

"இருபத்தாறு?"

"கால் வீக்கம். விரலால அமுக்கினா குழி விழுதான்னு பார்க்கணும். சும்மா இருங்க."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "அக்கா, நாளைக்குக் கடைசி நாள். ஏன் போடல?"

பெரியவள் கையிலிருந்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். "எனக்கு அந்த ஃபாரம் வரல. கீழ இருக்குன்னு நீ எழுதியிருந்த. கீழ போகப் போக அடுத்த பக்கம்தான் வருது. முப்பத்திரண்டுல 'நன்றி'ன்னு போட்டிருக்கு. அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது. மறுபடி முதல்லேர்ந்து வர்றேன். எங்கயாவது விட்டுட்டேனோன்னு ஒவ்வொரு எழுத்தா படிக்கிறேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ வேலையில இருப்ப" என்றாள் பெரியவள். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. அதுதான் தாங்க முடியவில்லை.

போனை வாங்கினாள். பக்கம் திறந்தது, திரை முழுக்கப் புத்தகம், ஓரத்தில் ஒரு நூல் இடமில்லை. கட்டை விரலால் மேலே தள்ளினாள். பக்கம் புரண்டது. வலைப்பக்கம் அசையவில்லை. மறுபடி தள்ளினாள். இன்னொரு பக்கம். விரலை எங்கே வைத்தாலும் அது புத்தகத்தின் மேல்தான் விழுந்தது. புத்தகம் ஒவ்வொரு தள்ளலையும் தனக்கென்று எடுத்துக்கொண்டது. முப்பத்திரண்டாம் பக்கம். நன்றி. கீழே படிவம் இருந்தது, அவளே வைத்த படிவம், விரல் வைத்து அங்கே போக ஒரு வழியும் இல்லாமல். கம்ப்யூட்டரில் மவுஸின் சக்கரத்தால் உருட்டிப் பார்த்தவளுக்கு இது எப்படித் தெரியும்? போனில் ஒரே ஒரு முறை விரல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் போன் மூன்று வாரமும் அவள் கைப்பையிலேயேதான் இருந்தது.

"எனக்கு மட்டும் இல்ல" என்று பெரியவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுல நம்மகூட வர்ற தையல்காரர், அந்த டீச்சர், டீச்சரோட அண்ணன், எல்லாரும் போகவர இதைத்தான் தேய்ச்சுட்டு வர்றோம். ஃபாரம் தீர்ந்துபோச்சு போலன்னு தையல்காரர் சொல்றார். பாவம், அவருக்கு மூணு பஸ்."

"அக்கா, இந்தப் புத்தகத்தை ஒட்டினது நான்தான்."

பெரியவள் முகம் மலர்ந்தது. "நீ ஒட்டினதா? அப்ப சரிதான், என் கையிலதான் ஏதோ கோளாறு."

சின்னவள் போனை அவள் மடியில் திருப்பி வைத்தாள். மாமாவின் அடையாள எண்ணையும் டாக்டர் கடிதத்தையும் படமெடுத்துக்கொண்டு, காலையில் முதல் வேலையாக அலுவலகத்திலிருந்து தானே போட்டுவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் போட்டாள். எண் பதின்மூன்றிலிருந்து பதினான்கு ஆனது.

பதினான்கு இடத்துக்குப் பதினான்கு பேர். குலுக்கல் கிடையாது. மாலை ஐந்து மணிக்குப் பக்கம் மூடிவிட்டால் மாமாவுக்கு இடம் நிச்சயம். அடுத்த மாதத்திலிருந்து பெரியவள் ஏழு மணிவரை தூங்கலாம். சின்னவள் நாற்காலியில் சாய்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

ஆனால் உடனே மற்றதும் தெரிந்தது. இந்தப் பதினான்கில் பதின்மூன்று பேர் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள். பதினான்காவது ஆள், புத்தகம் ஒட்டியவளின் அக்கா புருஷன். பழுதைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. சரிசெய்து சொன்னால் ஆஸ்பத்திரி அவகாசத்தை நீட்டும். நூற்றுக்கணக்கில் வந்து விழுவார்கள். மாமாவின் இடம் குலுக்கலுக்குப் போகும்.

முதலாளியிடம் சொன்னாள். கணக்கெல்லாம் சொல்லவில்லை, பழுதை மட்டும்.

முதலாளி சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். இருபத்து மூன்று நிமிடம். அவருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. முகம் கறுத்தது. "யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"மூணு வாரத்துல ஒரு புகார் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடியுது. நாமளா போய் எதுக்கும்மா வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கணும்? விட்டுடு. சிம்பிள்."

விட்டுவிட்டாள். அதையும் சொல்லியாக வேண்டும். ஒன்பதே முக்காலிலிருந்து பிற்பகல் வரை சின்னவள் விட்டுவிட்டுத்தான் இருந்தாள். மேசை நாற்காலி விற்கும் கடையின் விலைப்பட்டியலை எடுத்து அகலம் போட்டாள், உயரம் போட்டாள். பெரியவளின் முழங்காலை நினைத்தாள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்காகச் சொந்த அக்காவை இன்னும் எத்தனை வருடம் பஸ்ஸில் ஏற்றுவது என்று தன்னிடமே வாதாடினாள். வாதத்தில் ஜெயித்தும்விட்டாள். ஆனால் முதலாளி சொன்ன ஒரு விஷயம் மனதில் முள்ளாகக் குத்தியது. ஒரு புகார்கூட இல்லை.

மூன்றரை மணிக்கு வருகைப் பட்டியலைத் திறந்தாள். மொபைலில் வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். பாதிப் பேர் திரும்பத் திரும்ப வந்திருந்தார்கள். ஒரு போனிலிருந்து அறுபத்திரண்டு முறை. அது பெரியவளாக இருக்கலாம், தையல்காரராக இருக்கலாம். இத்தனை பேரும் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவராவது கூப்பிட்டு, உங்கள் பக்கம் சரியில்லை என்று கத்தவில்லை. அத்தனை பேரும் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சின்னவளுக்கு அழுகை வந்தது. கீழே யாருக்கோ பல் ராவிக்கொண்டிருந்ததால் மூக்கு உறிஞ்சும் சத்தம் வெளியே கேட்கவில்லை.

மொபைலில் புத்தகத்தை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் அட்டைப்படம் மட்டும், சின்னதாக. அதைத் தொட்டால் புத்தகம் தனியாக இன்னொரு பக்கத்தில் திறக்கும். அட்டைக்கு அடியிலேயே படிவம். பிறகு கைப்பையிலிருந்து தன் சொந்தப் போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்து, கட்டை விரலால் தள்ளினாள். போனது. எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

மேடத்தைக் கூப்பிட்டாள். மேடம் முதலில் நம்பவில்லை, பிறகு தன் போனிலேயே பார்த்திருக்கலாமே என்று தன்னைத் திட்டிக்கொண்டார், பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நேத்து சாயங்காலம்."

"இப்ப மணி நாலு. காலையில என்ன செஞ்சீங்க?"

"காலையில சொல்ல மனசு வரல மேடம்" என்றாள் சின்னவள். ஏனென்று மேடம் கேட்கவில்லை. பத்து நாள் நீட்டிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளி சுவரிலிருந்த தாளைத் தானே கிழித்தார். கூடவே கொஞ்சம் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வேலையைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். சீட்டிலும் சிம்பிள் என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை எண் அறுபத்தொன்று. திங்கட்கிழமை நூற்று எண்பது. சின்னவள் ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து பார்த்தாள். பார்த்து என்ன ஆகப்போகிறது, ஆனாலும் பார்த்தாள். பெரியவள் தானாகவே கூப்பிட்டாள், ஒரு வருடத்துக்குப் பிறகு.

"உன் பக்கம் இப்ப ஜோரா ஓடுதுடி! பஸ்ஸுலேயே தையல்காரருக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். டீச்சரோட அண்ணனுக்கும் போட்டேன். பின்சீட்டுல ஒரு அம்மா, கண்ணு சரியா தெரியாது, அவங்களுக்கும். எல்லாரும் உங்க தங்கச்சி கெட்டிக்காரின்னு சொல்றாங்க."

"நல்லதுக்கா" என்றாள் சின்னவள்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. குலுக்கல் முடிந்து எல்லோருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. மாமாவுக்குக் காத்திருப்போர் பட்டியலில் எழுபத்து மூன்றாவது இடம். பெரியவள் வரிசையாகப் போட்டுக் கொடுத்த ஆட்களில் தையல்காரருக்கு மட்டும் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவள் போனாள். மாமா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவளும் உட்கார்ந்து நான்கு பல் உரித்தாள்.

"போகட்டும் விடு" என்றாள் பெரியவள். "நீ மட்டும் அன்னைக்கு வந்து பார்க்கலன்னா இந்த எழுபத்து மூணுகூட கிடையாது. இன்னும் முப்பத்திரண்டாம் பக்கத்துலயே நின்னுட்டு இருப்பேன்."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். சின்னவளால் முடியவில்லை. "அக்கா, நான் மாமாவுக்குப் போட்டப்ப மொத்தம் பதினாலு பேர்தான். இடமும் பதினாலு. நான் பேசாம இருந்திருந்தா மாமாவுக்குக் கிடைச்சிருக்கும்."

பெரியவளின் கை நின்றது. "அது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஆமாக்கா."

பெரியவள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியவள் மறுபடியும் உட்கார்ந்து பூண்டை எடுத்து, உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்து, கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்றது. துடைக்கவில்லை.

"தையல்காரருக்கு மூணு பஸ்" என்றாள் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல். "அதெல்லாம் சரிதான். நீ செஞ்சது சரிதான். ஆனா எனக்கு ரொம்ப முடியலடி."

"அக்கா..."

"உங்க மாமாகிட்ட இதைச் சொல்லாத. செவ்வாய்க்கிழமை நீ அவரைக் கூட்டிட்டுப் போறியா? நான் ஒரு நாள் தூங்கணும்."

அவள் கேட்டுவிட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்டது இதைத்தான். "இனிமே எல்லாச் செவ்வாய்க்கிழமையும் நான்தான்" என்றாள் சின்னவள். அன்று மாலையே விடுப்பு கேட்டு முதலாளிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்து நாற்பது பஸ். மாமாவுக்கு ஒரு கை கொடுத்து ஏற்றினாள். மறு கையில் கோடு போட்ட பாட்டில். டிரைவர் "அம்மா வரலியா சார்?" என்று விசாரித்தார். "அம்மா தூங்குறாங்க" என்று மாமா பெருமையாகச் சொன்னார். டீச்சரும் அண்ணனும் நகர்ந்து வழி விட்டார்கள். பின்சீட்டில் ஒரு கனத்த கண்ணாடி போட்ட அம்மாள், யார் வந்தது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

இடது பக்கம் மூன்றாவது வரிசையில் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. மாமா உள்ளே நகராமல் நின்றார்.

"நீ ஜன்னலோரம் போ. அது தையல்காரர் சீட்டு. இன்னியிலேர்ந்து அவருக்கு ஒரே பஸ் போதும்."

சின்னவள் தயங்கினாள்.

"போம்மா, உட்காரு. உங்க அக்கா ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் சொல்லிட்டா. அவ வாயில என்னைக்கு எது தங்கியிருக்கு?"

அவள் உட்கார்ந்தாள். இருக்கையின் ஓரத்தில் ரெக்ஸின் கிழிந்த இடத்தை யாரோ பழுப்பு நூலால், நெருக்கமான தையலாகப் போட்டுத் தைத்திருந்தார்கள். பஸ் கிளம்பியதும் மாமா அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிட்டார். போகவே இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. தோள் வலிக்கத் தொடங்கியபோதும் சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.